மருமகனிடம் பேசக் கூடாத பேச்சு

பத்து மணி மணியடித்துப் பிள்ளைகள் எல்லாம் கஞ்சிக்கு ஓடி வந்துவிட்டார்கள். முதல் வகுப்பில் ஒரு பெண் குழந்தை மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசலில் நாலைந்து பயல்கள் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பானையைக் கிளறிக்கொண்டே பார்த்தேன். துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த பானா லோம்பே உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாவாடைக்கு மேல் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டேய், இவளை எனக்குக் கொஞ்சம் கடன் குடுங்கடா. என் தங்கச்சி மகளுக்குப் பாவாடை தைக்கணும். இவ உசரம்தான் அவளும். அளவு பார்த்துட்டு அனுப்பிடுறேன்."

சொல்லிக்கொண்டே குழந்தையை அக்குளிலிருந்து கணுக்கால் வரை துணியால் சுற்றி, சாமான் அறைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அரை மணி நேரத்தில் அந்தக் குழந்தை உலர்ந்த பாவாடையோடு என்னிடம் வந்து கஞ்சிக்குக் கோப்பையை நீட்டியது. பானா லோம்பேயின் தங்கை மகளுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள் இருந்தது எனக்குத் தெரியும்.

அந்தக் குழந்தையின் பெயர் சிலேக்வா. ரோட்டோரத்தில் கரி விற்கிறவளின் மகள். வயது ஆறு.

பானா லோம்பே என்றால் லோம்பேயின் அம்மா. பிள்ளை பெற்றவளை எங்களில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரோய்டா என்பது எனக்கே அவர் கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது. வடக்கே கசாமா பக்கத்திலிருந்து, சுரங்கத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு, எங்கள் செம்புச் சுரங்க ஊரான முஃபுலிராவுக்கு வந்தவர். புருஷன் நெஞ்சு நோயில் போன பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நான் கஞ்சி காய்ச்ச வந்தபோது அவருக்கு அங்கே பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் காலையில் என் அடுப்புச் சாம்பலை மூன்று டப்பாவில் அள்ளிக்கொண்டு போய் கழிப்பறைக் குழிகளில் கொட்டுவார். ஈ வராது, நாற்றமும் அடங்கும். கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஆண் குரலில் பாடுவார். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் பயம். அழுகிற பிள்ளைகளுக்கு மட்டும் பயமில்லை.

அந்த வருஷம் புதிதாக ஒரு தலைமையாசிரியர் வந்தார். அரசாங்கத்துக்கு நாடு முழுக்க எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, பானா லோம்பேயின் மருமகன் முகுகாவை எங்கள் பள்ளிக்குப் போட்டார்கள். லோம்பேயைக் கட்டி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மருமகனை வீட்டுக்குள் சேர்க்கிற விருந்து இன்னும் நடக்கவில்லை. அது நடக்கிற வரைக்கும் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது, ஒரு தட்டில் கை வைக்கக் கூடாது, ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்லக் கூடாது. விருந்து என்றால் சும்மாவா. கசாமாவிலிருந்து பெரியவர்கள் வரவேண்டும், எத்தனையோ பானை ஏற வேண்டும்.

அதனால் அவர் கேட்டுக்குள் நுழைந்தால் இவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். இவர் துடைப்பம் தெரிந்தால் அவர் பந்து விளையாடுகிற மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். ஆசிரியர்கள் சிரிப்பார்கள். "சார் இன்னைக்கு ரெண்டு மைல் நடந்துட்டார், பானா லோம்பே நாலு வகுப்புப் பெருக்கிட்டாங்க போல" என்பார்கள்.

முகுகா நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். முன்பு அவர் இருந்த பள்ளியில் கழிப்பறைக் குழிமேல் போட்டிருந்த பலகை முறிந்து ஒரு பையன் இடுப்பு வரை உள்ளே போய்விட்டான். ஆண்டவர் கிருபையால் இழுத்து எடுத்தார்கள். அதைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தார். வந்த இரண்டாம் வாரமே ஒரு சட்டம் போட்டார். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் பாட நேரத்தில் வெளியே போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் பூட்டு. பத்து மணிக்கும் வீட்டுக்குப் போகிற நேரத்துக்கும் மட்டும் ஓர் ஆசிரியர் நின்று திறந்து விடுவார். சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கும்.

பிள்ளைகள் நூற்றுப் பத்து. கதவு மூன்று. நேரம் பதினைந்து நிமிஷம். வரிசை பாதி நகர்வதற்குள் மணி அடித்துவிடும்.

அதற்குப் பிறகு பானா லோம்பேயின் வாளி வகுப்புக்குள்ளேயே கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"பானா கலேபா, நீ போய் அந்த ஆளுகிட்ட சொல்லு."

"எந்த ஆளு அக்கா?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. சாவி வச்சிருக்கிற ஆளு. பூட்டை எடுக்கச் சொல்லு."

"நானா? அவர்கிட்ட போய் ஒண்ணுக்கு, ரெண்டுக்குன்னு எப்படி அக்கா பேசுறது?"

"நான் பேச முடியுமா? மாமியார் மருமகன்கிட்ட அந்தப் பேச்சைப் பேசினான்னு கசாமா வரைக்கும் போகும். நீதான் போகணும்." எழுந்து போனவர் திரும்பினார். "வெறுங்கையோட போகாத. மாமியார் வீட்லேர்ந்து வெறுங்கையோட ஆள் வந்தான்னு நாளைக்கு என் மகளைத்தான் குத்திக் காட்டுவாங்க."

வீட்டில் இருந்த ஒரே சேவலை அடித்தார். மருமகனுக்குச் செய்கிற மரியாதைப்படி ஒரு துண்டு குறையாமல் முழுசாக வேகவைத்து, தட்டில் வைத்து வெள்ளைத் துணியால் மூடித் தந்தார். நான் ஜெபம் பண்ணிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

தட்டைப் பார்த்ததும் முகுகா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்தி, மரியாதைக்கு இரண்டு கையையும் குவித்து மூன்று தரம் தட்டினார். அங்கே இருந்த இரண்டு ஆசிரியர்களும் எழுந்து தட்டினார்கள்.

"அம்மா கோழி அனுப்பியிருக்காங்க," என்றார். "முழுக் கோழி."

அந்தக் கோழிமேல் எந்த வாயால் மூத்திரத்தைப் பேசுவேன்? "ஐயா, அம்மாவுக்குச் சின்னப் பிள்ளைங்க நெனப்பாவே இருக்கு," என்றேன்.

"தெரியும்மா. அவங்க ஜெபத்துலதான் இந்தப் பள்ளிக்கூடம் நிக்குது," என்றார்.

திங்கட்கிழமை தட்டு திரும்பி வந்தது. அதன்மேல் ஒரு புதுத் துணி, நீலத்தில் மஞ்சள் மீன் போட்டது. அதற்கு மேல் இரண்டு பாக்கெட் சர்க்கரை. பானா லோம்பே துணியை விரித்துப் பார்த்தார். மடித்தார். திரும்பவும் விரித்தார்.

"நான் புகார் அனுப்பினேன். அது துணியாத் திரும்பி வந்திருக்கு. நீ என்னடி சொன்ன?"

"பிள்ளைங்க நெனப்பாவே இருக்கீங்கன்னு சொன்னேன்."

"பூட்டுன்ற வார்த்தையாவது வந்துச்சா?"

"வரலை அக்கா."

சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் தப்பு இல்ல. கோழி அனுப்பினது என் தப்பு. மரியாதையும் புகாரும் ஒரே தட்டுல போகாது," என்றார். பிறகு சிரிக்கவில்லை. "நல்ல துணி வேற. அதான் இன்னும் எரியுது."

மகளிடமும் சொல்லிப் பார்த்தார். "அம்மா, பள்ளிக்கூடத்துச் சண்டையை வீட்டுக்குள்ள கொண்டுவராத. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல நான் இதையா பேசட்டும்?" என்றுவிட்டாள் லோம்பே.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். சிலேக்வா கஞ்சியை வாங்கி, பக்கத்தில் இருக்கிற பையன் கோப்பையில் ஊற்றிவிடுவாள்.

"ஏன்டி, பசிக்கலையா?"

"குடிச்சா வரும்," என்றாள்.

காலையிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லையாம். பதினைந்து நாளில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். அடக்கி அடக்கி உள்ளே புண்ணாகிவிட்டது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் அவள் அம்மா கேட்டில் வந்து நின்றாள். கையெல்லாம் கரி.

"எம் பொண்ணு நோட்டைக் குடுங்க. படிச்சது போதும். கரி மூட்டைக்குப் பக்கத்துல உட்காரட்டும். அங்க யாரும் பூட்டுப் போடலை."

பானா லோம்பே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கரி அவர் கையிலும் ஒட்டியது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. அன்னைக்குப் பெத்தவங்க கூட்டம் இருக்கு. அதுக்கு அப்புறமும் பூட்டு இருந்தா நானே நோட்டை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கிறேன். திரும்பக் கூட்டிட்டு வான்னு கேக்கவே மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை," என்றாள் அவள். "சனிக்கிழமை இல்ல."

"அக்கா, கூட்டத்துல அவர் முன்னால உட்கார்ந்திருப்பாரே. எப்படிப் பேசுவீங்க?"

"முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசுவேன்."

"ஜனங்க என்ன சொல்லும்?"

"நாலு மாசம் சொல்லும். அந்தப் பொண்ணு வாழ்க்கை முழுக்கக் கரி விப்பா."

வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலில் இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். நான் ரொம்ப நேரம் ஜெபித்தேன். அவர் ஜெபம் சின்னது, வாய் விட்டே சொன்னார்: "ஆண்டவரே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் வெக்கத்தை எடுத்து வச்சுக்கும். கூட்டம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடும்."

கூட்டம் ஏழாம் வகுப்பு அறையில். பெற்றவர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலேக்வாவின் அம்மா கடைசியில் நின்றாள். முகுகா கூரைத் தகரத்தைப் பற்றிப் பேசினார், சீருடையைப் பற்றிப் பேசினார். வேறு யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டார். பின்கதவு வழியாகப் பானா லோம்பே உள்ளே வந்தார்.

முகுகா கையிலிருந்த காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பானா லோம்பே நேராக நடு இடத்துக்கு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றார். மாமியார் நிற்க மருமகன் உட்கார்ந்திருக்க முடியுமா. அவர் எழுந்து, காகிதத்தை முகத்தைவிட்டு எடுக்காமலே வெளியே போய்விட்டார். போனவர் தூரம் போகவில்லை. கண்ணாடி உடைந்த ஜன்னலுக்குக் கீழே அவர் தோள் தெரிந்தது.

"நான் இங்க பெருக்கிறவ," என்று ஆரம்பித்தார் பானா லோம்பே. "சிந்தினதைத் துடைக்கிறது என் வேலை. இந்த மாசம் முதல் வகுப்புலயும் ரெண்டாம் வகுப்புலயும் அம்பத்தி மூணு தடவை துடைச்சேன். அது சிந்தின கஞ்சி இல்ல. உங்க பிள்ளைங்க ஒண்ணுக்குப் போனது. உட்கார்ந்த இடத்துலயே போனது. ஒரு பொண்ணு அப்படிப் போயிடக் கூடாதுன்னு கஞ்சி குடிக்கிறதையே விட்டுடுச்சு. ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துச்சு."

கட்டட மேஸ்திரி ஒருவர், சோலாவின் அப்பா, பின்னாலிருந்து சொன்னார்: "எங்க காலத்துல நாங்கல்லாம் அடக்கிக்கிட்டுத்தான் படிச்சோம்."

"உங்க காலத்துல சுத்தியும் புதர் இருந்துச்சு, ஐயா. உங்களை எந்தப் பூட்டு அடக்குச்சு?"

சிரித்தார்கள். சோலாவின் அப்பாவும் சிரித்தார்.

அப்போது ஜன்னலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "பானா கலேபா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயா?"

"அங்க பேசுறவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. நாளைக்கு ஒரு குழந்தை உள்ள விழுந்தா, அதோட அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

எல்லோருக்கும்தான் கேட்டது. இருந்தாலும் நான் எழுந்து அவரிடம் சொல்ல வேண்டும் அல்லவா. "அக்கா, நாளைக்கு ஒரு குழந்தை..."

"கேட்டுச்சு. நல்ல கேள்வின்னு சொல்லு."

"ஐயா, நல்ல கேள்வியாம்."

"நான் பதில் சொல்றேன்னு சொல்லு. முதல் மணியிலேர்ந்து கடைசி மணி வரைக்கும் அந்த வாசல்ல நான் உட்கார்றேன். உள்ள போற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். வெளிய வர்ற வரைக்கும் அது 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கணும். சத்தம் நின்னா நான் உள்ள நிப்பேன்."

நான் ஒன்று விடாமல் ஜன்னலுக்குச் சொன்னேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, ஜன்னலுக்குக் காது மந்தம் போல" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

"அப்போ வகுப்பை யாரு பெருக்குறதுன்னு கேளுங்க."

"விடியறதுக்கு முன்னாடி வந்து நான்தான். இத்தனை வருஷம் யாரு பெருக்கினான்னு கேளு."

"மழைக் காலத்துல?"

"ஒரு குடை குடுக்கச் சொல்லு."

முகுகா மெதுவாகச் சொன்னார்: "பானா கலேபா, நான் அந்தப் பையனைத் தூக்கினேன். என் கையாலத் தூக்கினேன். ஓட்டை பெரிசு. ஆள் காவல் இருந்தாலும் ஓட்டை பெரிசுதான்."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. பானா லோம்பே தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற கரிக்காரி கதவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஓட்டையைச் சின்னதாக்கினாப் போச்சு," என்றார் பானா லோம்பே, தலையை நிமிர்த்தாமலே. "சின்னக் கால் வைக்கிற மாதிரி, சின்ன ஓட்டை விட்டு, மூணு சிமெண்டுப் பலகை. ஊத்தத் தெரிஞ்சவர் இங்கயே உட்கார்ந்திருக்கார். அடக்கிப் படிச்சவர்."

சோலாவின் அப்பா நெளிந்தார். "சிமெண்டு இருந்தா நாளைக்கே ஊத்திடுவேன்."

"ஆபீஸ் படிக்கட்டுக்கு வாங்கின ரெண்டு மூட்டை இருக்கு," என்றது ஜன்னல். "படிக்கட்டு நிக்கட்டும்."

உடைந்த கண்ணாடி வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கயிற்றில் கட்டிய சாவி. அவர் கையிலிருந்து இவர் கைக்கு நேராகப் போக முடியாது. நான் போய் வாங்கி, பெஞ்சுமேல் வைத்தேன். பானா லோம்பே பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஒரு தவணை, மூணு மாசம் பார்ப்போம்னு சொல்லுங்க," என்றார் முகுகா.

"ஒரு தவணை போதும்னு சொல்லு," என்றார் இவர்.

பலகை காய ஏழு நாள் ஆயிற்று. அந்த ஏழு நாளும் சின்னதுகளைப் பெரிய பெண்களின் கழிப்பறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். சிலேக்வா திங்கட்கிழமையே வந்துவிட்டாள். முதல் நாள் நாலு தடவை போனாள். டீச்சர் வந்து புகார் சொன்னாள். "போகட்டும் டீச்சர். திறந்திருக்குதான்னு பார்க்கப் போறா. ரெண்டு நாள்ல நம்பிடுவா," என்றார் பானா லோம்பே. சும்மா விளையாட வருகிற பயல்கள் கையில் ஒரு டப்பா சாம்பலைக் கொடுத்துக் கொட்டச் சொல்வார். அவர்கள் மறுபடி வரமாட்டார்கள்.

ஒரு தவணை என்றது எட்டு வருஷம் ஓடியது. மழையிலும் குடைக்குள் அவர் குரல் கேட்கும், உள்ளேயிருந்து சின்னக் குரல் பதில் சொல்லும். ஒரு பிள்ளையும் விழவில்லை. அதற்காக நான் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மூன்றாம் வருஷம் விருந்து வைத்து முகுகாவை வீட்டுக்குள் சேர்த்தார்கள். ஒரே தட்டில் கை வைத்தார்கள். அப்படியும் பழக்கம் போகவில்லை. பள்ளிக்கூட விஷயம் என்றால் இரண்டு பேரும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

பானா லோம்பே அறுபது வயதில் வேலை முடிந்து கசாமாவில் அண்ணன் வீட்டுக்குப் போனார். பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். முகுகாவே கூரைமேல் ஏறி மூட்டையைக் கட்டினார். அதற்குப் பிறகு நான் பானா லோம்பேயைப் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷம் அங்கேயே கர்த்தரிடம் போய்விட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வண்டி உறுமியது. ஏதோ சொல்ல என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஆசீர்வாதம் சொல்லப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"மூணாவது கதவு இப்பல்லாம் தூக்கி இழுத்தாத்தான் திறக்குது," என்றார். "ரெண்டு வருஷமா நான் இழுத்து விட்டுட்டு இருந்தேன். சின்னதுங்களுக்குக் கை பத்தாது. இன்னைக்கே சொல்லிச் சரி பண்ணு. நாளைக்கு எட்டு மணிக்குப் பிள்ளைங்க வந்துடும்."